சீட்டின் தலையில் ஓர் இரண்டு

டென்மார்க்கின் இக்காஸ்டில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு யாராவது அழைப்பு மணியை அடித்தால், வந்திருப்பவர் ஒன்றில் மதப் புத்தகம் கொடுக்க வந்தவராக இருக்க வேண்டும், அல்லது பீற்றராக இருக்க வேண்டும். மணி விடாமல் மூன்று தடவை அடித்தது. புத்தகக்காரர்கள் ஒரு தடவைக்கு மேல் அடிப்பதில்லை. ஆகவே பாலேந்திரா தேநீருக்கு இன்னொரு கோப்பைத் தண்ணீரைக் கேத்தலில் ஊற்றிவிட்டுத்தான் போய்க் கதவைத் திறந்தார்.

பீற்றருக்குப் பின்னால் இன்னும் ஒருவர் நின்றார். ஐம்பது வயது மதிக்கலாம். அகன்ற தோள், நன்றாகச் சவரம் செய்த முகம், நெஞ்சில் கழகச் சின்னம் பொறித்த நீல மேற்சட்டை.

"அண்ணை, இவர் ஆரெண்டு தெரியுதோ?" என்றான் பீற்றர்.

தெரியாமல் இருக்க வழியில்லை. அந்த 1986ஆம் ஆண்டு ஒக்டோபர் முழுவதும் இக்காஸ்டுத் தமிழர் வீடுகளில் இவரைப் பற்றித்தான் பேச்சு. அவுஸ்திரேலியாவிலிருந்து இரண்டு தொழில்முறைக் கழகங்கள் பருவம் முடிந்த கையோடு ஐரோப்பாவில் மூன்று காட்சிப் போட்டிகள் ஆட வந்திருந்தன. பந்தைக் கையாலும் பிடித்துக் காலாலும் உதைக்கும் அவர்களுடைய ஆட்டம் நம்மவர்களுக்கு விளங்கவில்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை. அவற்றில் ஒன்றான வாரங்கா கழகத்தின் பயிற்சிக் குழுப் படத்தில், ஐந்து பேரில் மூன்றாவதாக, அல்பேட் ஞானரட்ணம் என்ற யாழ்ப்பாணத்தார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அது போதும். முதல் நாள் சனிக்கிழமை இக்காஸ்டில் நடந்த கடைசிப் போட்டிக்கு, அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராதவர்கள்கூடப் புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

"வாங்கோ அண்ணை, இருங்கோ," என்றார் பாலேந்திரா. கேத்தலில் தண்ணீர் ஒரு கோப்பை குறைவு என்பதுதான் அவருடைய உடனடிக் கவலை.

பாலேந்திரா ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். விலாசம் விளங்காத கடிதங்களை ஆராய்ந்து உரியவரிடம் சேர்ப்பது அவருடைய பிரிவு. இங்கே பின்னல் ஆலையில் துணியில் பிழை பார்க்கிறார். இரண்டும் ஒரே வேலைதான் என்பது அவருடைய கருத்து. அவருக்குப் பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் மன்னார்க்காரன் பீற்றருக்கோ, பாலேந்திரா உலகத்திலேயே பெரிய துப்பறிவாளர். இதுவரை அவர் கண்டுபிடித்தது தொலைந்த இரண்டு சம்பளச் சீட்டுகளும் ஒரு சைக்கிளும் மட்டுமே என்பது பீற்றரின் நம்பிக்கையை அசைக்கவில்லை.

"நான் வரமாட்டன் எண்டுதான் சொன்னனான்," என்று தொடங்கினார் ஞானரட்ணம். "இந்தத் தம்பிதான் இழுத்துக்கொண்டு வந்தது. நாளைக்குக் காலமை விமானம். அதுக்குள்ள நான் வேலையை விடுறன் எண்டு கடிதம் குடுக்க வேணுமாம். இல்லாட்டில் கழகம் என்னை நீக்குமாம், காரணத்தோட."

"என்ன காரணம்?"

"காட்டிக் குடுத்தவன் எண்டு."

அந்தச் சொல்லை அவர் தரையைப் பார்த்துத்தான் சொன்னார். பீற்றர் வாயைத் திறந்தான். பாலேந்திரா அவனிடம் ஒரு பிஸ்கற்றைக் கொடுத்தார். இருவருக்கும் அதன் பொருள் தெரியும்.

ஞானரட்ணம் சொன்னது இதுதான். அந்த ஆட்டத்தில் தலைமைப் பயிற்சியாளர் உயரமான இடத்தில் இருந்து முழு மைதானத்தையும் பார்ப்பார். அவருடைய கட்டளையைக் களத்துக்குள் ஓடிப்போய் வீரரின் காதில் சொல்வதற்கென்றே குழுவில் ஒருவர் உண்டு. ஓட்டக்காரர் என்றுதான் அவருக்குப் பெயர். அவுஸ்திரேலியாவில் மேலிருந்து கீழே பேசத் தொலைபேசி இருக்கும். இக்காஸ்டில் இரண்டு உதைபந்தாட்டத் திடல்களைச் சேர்த்து ஒன்றாக்கி, ஒரு பக்கத்தில் கட்டட வேலைக்காரரின் இரும்புச் சாரத்தை நிறுத்தி மேலே கூரை போட்டிருந்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் ஹார்லோவும் அவருக்குப் பக்கத்தில் ஞானரட்ணமும் அதன்மேல் இருந்தார்கள். வீரர்களின் தசையைப் பார்க்கும் வைத்தியத்தோடு, ஹார்லோ சொல்வதைச் சீட்டில் எழுதுவதும் ஒன்பது வருடமாக ஞானரட்ணத்தின் வேலை. சீட்டைக் கீழே போட்டால், ஒருவர் எடுத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடி, எதிர்ப்பக்கத்தில் நிற்கும் ஓட்டக்காரர் டோபினிடம் கொடுக்க வேண்டும்.

"அந்த ஓட்டம் ஓடினது ஆர்?"

"சிறீஸ்கந்தராசா மாஸ்டர்," என்றான் பீற்றர். "கணக்கு வாத்தியார். எங்கட ஆக்களுக்குள்ள இங்கிலீசும் ஓட்டமும் உள்ளவர் அவர்தானே."

"கடைசிக் கால்பாகத்தில மூண்டு புள்ளி முன்னுக்கு நிண்டனாங்கள்," என்றார் ஞானரட்ணம். "ஏழாம் நம்பரை முன்னுக்கு அனுப்பச் சொல்லி ஹார்லோ சொன்னார். எழுதிப் போட்டன். ஆனால் ஏழோட இரண்டாம் நம்பரும் முன்னுக்குப் போயிட்டான். அவன்தான் எங்கட காவல். பின்னுக்கு வெறுமை. அதால வந்து அடிச்சிட்டாங்கள். தோத்திட்டம், கோப்பையும் போச்சு. சீட்டில இரண்டு எண்டு எழுதியிருந்ததாம். நான் எழுதேல்லை. சீட்டை எனக்குக் காட்டவும் இல்லை."

"சின்னப் பிழை எண்டு விட்டிருக்கலாமே?"

ஞானரட்ணம் கோப்பையைக் கீழே வைத்தார். "எதிர்க்கழகம் வெள்ளிக்கிழமை என்னைத் தங்கட பக்கம் வரச் சொல்லிக் கேட்டது. மாட்டன் எண்டிட்டன். அதை ஹார்லோவிட்ட நானேதான் போய்ச் சொன்னனான். இப்ப அதுதான் எனக்கு எதிரா நிக்குது. இருபத்தெட்டு வீரருக்கு முன்னால கேட்டார், 'உன் புதிய முதலாளிகளுக்குச் செய்த முதல் வேலையா?' எண்டு. மத்தியானம் எங்கட சனம் எனக்கு விருந்து வைச்சிருக்கு. நான் எந்த முகத்தோட போறது?"

"இதை எங்கட ஆக்கள் ஆருக்கும் சொன்னனீங்களோ?"

"இல்லை. இந்தத் தம்பி எங்கட கழக வானை ஓட்டினதால கேட்டிட்டுது."

பாலேந்திரா மேற்சட்டையை எடுத்தார். "பீற்றர், கார் எடும். முதல்ல சீட்டைப் பாப்பம்."

ஹார்லோ ஆறடிக்கு மேல் உயரமானவர். நித்திரை இல்லாத கண்கள். ஹோட்டலின் சாப்பாட்டு அறையில் பாலேந்திராவை மேலும் கீழும் பார்த்து, "நீங்கள் பொலிசா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை. பனியன் துணியில் பிழை பார்க்கிறவன்," என்றார் பாலேந்திரா அதே மொழியில், மிகவும் மரியாதையாக.

அந்தப் பதில் ஹார்லோவுக்குப் பிடித்ததா இல்லையா என்று பீற்றருக்கு விளங்கவில்லை. ஆனால் அவர் ஓர் உறையை எடுத்து மேசையில் கொட்டினார். பத்துச் சீட்டுகள். எல்லாம் கழகத்தின் ஒரே மாதிரிக் கொப்பியில் கிழித்தவை, ஒரே மாதிரி நீலப் பேனையால் பெரிய எழுத்தில் எழுதியவை. ஞானரட்ணம் காரிலேயே இருந்துவிட்டார். அழைத்தால் ஒழிய அந்த அறைக்குள் வரமாட்டாராம்.

பத்தாவது சீட்டை எடுக்கப் பீற்றரின் கை பறந்தது. பாலேந்திரா அதைத் தடுத்து முதல் ஒன்பதையும் வரிசையாக வைத்தார். ஆலையில் புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் பாடம் இது. பிழையைத் தேடக் கூடாது. சரியாக இருக்கிற துணியைக் கை பழகும் வரை தடவ வேண்டும். பிறகு பிழை தானாகக் கையில் தட்டும்.

ஒன்பது சீட்டுகளின் தலையிலும் நடுவாக ஒரு சிறிய குறி, ஒரு நெடுங்கோடும் குறுக்குக்கோடும். "இது என்ன?" என்று கேட்டார்.

"கூட்டல் அடையாளம். அல்பேட் எப்போதும் போடுவார்," என்றார் ஹார்லோ. "ஏன் என்று நான் கேட்டதில்லை."

பாலேந்திரா அதன் பிறகே பத்தாவதை இழுத்தார். அதில் கூட்டல் இல்லை. தலையில் தனியாக ஒரு 2, வால் வலப்பக்கம் நன்றாக நீண்டு. ஒரு விரற்கடை கீழே, '7 முன்னுக்கு' என்று ஆங்கிலத்தில். ஏழின் இடுப்பில் ஒரு சிறு குறுக்குக்கோடு. காகிதம் மடிப்புக் குலையாமல் மொடமொடவென்று இருந்தது.

"மழை எப்போது தொடங்கியது?"

"கடைசிக் கால்பாகம் தொடங்கும்போதே. வாளியால் ஊற்றியது மாதிரி."

"இந்தச் சீட்டு?"

"அதற்குப் பத்து நிமிடம் கழித்து."

ஓட்டக்காரர் டோபினும் வந்து சேர்ந்தார். மெலிந்த, சிவந்த முகக்காரர். தான் களத்திலிருந்து திரும்பி வந்தபோது மாற்று வீரர்கள் இருக்கும் ஆசனக் கூடாரத்தில் சிறீஸ்கந்தராசா சீட்டோடு நின்றார் என்றும், சீட்டு உலர்ந்து தெளிவாக இருந்தது என்றும், இரண்டு, ஏழு, முன்னுக்கு என்று வாசித்துவிட்டுத் தான் களத்துக்குள் ஓடியதாகவும் சொன்னார். "எனக்குத் தருவதை நான் சொல்வேன். என் வேலை அவ்வளவுதான்," என்றார் சற்றுச் சூடாக.

"சீட்டைக் கொண்டு வந்தவரிடம் நீங்கள் ஏதாவது கேட்டீர்களா?" என்று பாலேந்திரா ஹார்லோவைப் பார்த்தார்.

"கேட்டேன். அதில் ஏதாவது சேர்த்து எழுதினாயா என்று. ஒரு சொல்லும் சேர்க்கவில்லை என்றார். நேர்மையான மனிதர் என்று முகத்திலேயே தெரிந்தது."

"எனக்கும் அப்படித்தான் தெரிகிறது," என்றார் பாலேந்திரா. "பன்னிரண்டு மணிக்கு விருந்து மண்டபத்துக்கு இந்தச் சீட்டோடும் டோபினோடும் வருவீர்களா? உங்கள் கொப்பியில் நாலு வெற்றுத் தாளும் வேண்டும்."

ஹோட்டல் வாசலுக்கு வருவதற்குள் பீற்றர் வழக்கை முடித்துவிட்டான். "அண்ணை, டோபின்தான். சீட்டு அவன்ர கையில இருந்தது, பேனையும் இருந்திருக்கும். இரண்டை எழுதிப்போட்டு ஞானரட்ணம் அண்ணையில பழியைப் போட்டிட்டான்."

"டோபின் இரண்டைச் சேர்க்கிறதெண்டால் ஏழுக்குப் பக்கத்தில சேர்ப்பான். ஏன் ஒரு விரற்கடை மேல, தனிய எழுதிறான்?"

பீற்றர் யோசித்தான். "இடம் காணாதோ?"

"பாதித் தாள் வெறுமையாக் கிடக்குது, பீற்றர். அதை விடும். கொட்டுற மழைக்குள்ள அரை மைதானம் சுத்தி ஓடின சீட்டு ஏன் நனையேல்லை?"

பீற்றர் அதற்கும் ஒரு பதிலைத் தேடிக்கொண்டே காரை எடுத்தான். பாலேந்திரா பின்னால் திரும்பி, "அண்ணை, நீங்கள் மேல எழுதேக்க ஏழுக்குக் குறுக்குக்கோடு போடுவியளோ?" என்று கேட்டார்.

"ஏழுக்கோ? ஏன் போட வேணும்?" என்றார் ஞானரட்ணம்.

ஊர் மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. யோகம்மாவும் மற்றப் பெண்களும் விடியற்காலையிலிருந்து வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஞானரட்ணம் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். அவர் சிரித்துக் கும்பிட்டார். அந்தச் சிரிப்பின் பாரம் பீற்றருக்குத் தெரியும். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சரியாகப் பன்னிரண்டுக்கு ஹார்லோவும் டோபினும் வந்தார்கள். வீரர்கள் வெளியே பேருந்தில் இருந்தார்கள். பாலேந்திரா, கதிரைகள் அடுக்கிவைக்கும் பக்கத்து அறைக்குள் இவர்களையும் ஞானரட்ணத்தையும் சிறீஸ்கந்தராசாவையும் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். பீற்றர் எப்படியோ உள்ளே இருந்தான்.

சிறீஸ்கந்தராசா நாற்பது வயது, ஒடிசலான, வகிடு தப்பாத மனிதர். எதற்கு அழைத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. பாலேந்திரா நாலு வெற்றுத் தாள்களை டோபின், ஞானரட்ணம், பீற்றர், சிறீஸ்கந்தராசா ஆகியோரிடம் கொடுத்து, "ஏழு முன்னுக்கு என்று எழுதித் தாருங்கள்," என்றார் ஆங்கிலத்தில்.

நாலு பேரும் எழுதினார்கள். தாள்கள் ஹார்லோவுக்கு முன்னால் வந்தன. டோபினின் தாளில் கேட்டது மட்டும் இருந்தது. ஞானரட்ணத்தின் தாளில் தலையில் சிறு சிலுவை, குறுக்குக்கோடு இல்லாத ஏழு. பீற்றரின் தாளிலும் சிலுவை, ஆனால் ஏழுக்கு இடுப்பில் கோடு. நாலாவதைப் பார்த்ததும் ஹார்லோ சட்டைப்பைக்குள் இருந்த சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாஸ்டர், என்ன எழுதினனீங்கள்?" என்று கேட்டார் பாலேந்திரா.

"நீங்கள் சொன்னதைத்தான். ஏழு, முன்னுக்கு."

"வேற?"

"வேற ஒண்டும் எழுதேல்லை."

பாலேந்திரா அதை ஆங்கிலத்தில் சொல்ல, ஹார்லோ தலைக்குறியில் விரலை வைத்தார். "அப்படியானால் இந்த இரண்டு?"

சிறீஸ்கந்தராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் எழுத்தையே முதல்தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார். "இரண்டோ? அது இலக்கமில்லையே. அது பிள்ளையார் சுழி."

பாலேந்திரா ஹார்லோவிடம் திரும்பினார்.

"எங்கள் ஊரில் சைவர்கள் வெற்றுத்தாளில் எதை எழுதத் தொடங்கினாலும் தலையில் இந்தக் குறியை இடுவார்கள். தடையை நீக்கும் கடவுளுக்கு அது வணக்கம். கடிதமோ கணக்கோ கடைச் சாமான் பட்டியலோ, எதுவானாலும் கை அதை இட்டுவிடும். தலையைக் கேட்காது. அதனால்தான் நீங்கள் கேட்டபோது ஒரு சொல்லும் சேர்க்கவில்லை என்றார். அவர் சொன்னது உண்மை. கத்தோலிக்கர்களில் பலர் அதே இடத்தில் சிலுவை இடுவார்கள். உங்கள் ஒன்பது கூட்டல் அடையாளங்களும் அதுதான். பத்தாவதில் சிலுவை இல்லை என்றபோதே அது அல்பேட்டின் கை அல்ல என்று தெரிந்தது. ஏழுக்குக் கோடு போடுவது டென்மார்க் வழக்கம். மொழிப் பள்ளியில் படித்த நாங்கள் எல்லோரும் பழகிவிட்டோம். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவருக்கு அது இல்லை. சீட்டு உலர்ந்திருந்தது, ஏனென்றால் அது மழைக்குள் ஓடவே இல்லை. கூடாரத்துக்குள் எழுதப்பட்டது." பிறகு தமிழில், "மாஸ்டர், முதல் சீட்டுக்கு என்ன நடந்தது?" என்றார்.

"நனைஞ்சு மை கரைஞ்சிட்டுது. டோபின் களத்துக்குள்ள நிண்டார். அவர் வர முதல் வடிவா இருக்கட்டும் எண்டு பார்த்து எழுதினனான். கூடுதல் கொப்பியும் பேனையும் எனக்குத் தந்திருந்தவை." அவர் மேற்சட்டைப் பைக்குள் கையை விட்டு, காய்ந்து சுருண்ட ஒரு காகிதத்தை எடுத்தார். "இஞ்ச நிலத்தில பேப்பர் போடக்கூடாதெல்லோ. பொக்கற்றில வைச்சனான்."

ஞானரட்ணத்தின் சிலுவையும், கோடில்லாத ஏழும் நீலமாகக் கசிந்து, ஆனால் தெளிவாக, அதில் இருந்தன.

ஒரு நாட்டில் எழுத்து, மறுநாட்டில் இலக்கம். சிறீஸ்கந்தராசாவுக்கு இப்போதுதான் முழுதும் உறைத்தது. கணக்கு வாத்தியார் அல்லவா, கூட்டிப் பார்க்க அதிக நேரம் எடுக்கவில்லை. "என்னாலயோ தோத்தது? அதுக்கு இவரையோ பிடிச்சவை?" என்றார். கதிரை அடுக்கைப் பிடித்துக்கொண்டார்.

ஹார்லோ எழுந்து ஞானரட்ணத்திடம் கையை நீட்டினார். "அல்பேட், மன்னித்துக்கொள்."

ஞானரட்ணம் கையைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"நேற்று நீங்கள் என்னைச் சொன்னது கதிரை அறைக்குள் வைத்து அல்ல, கெவின்," என்றார். குரல் உயரவில்லை. "இருபத்தெட்டுப் பேருக்கு முன்னால். அவர்களுடைய கால்களை ஒன்பது வருடமாக நான் தொடுகிறேன். என்னை நம்பாதவன் காலை என்னிடம் தரமாட்டான்."

ஒரு வேலைக்காக மனிதர்கள் எதையெல்லாம் விழுங்குகிறார்கள் என்று ஆலையில் தினமும் பார்க்கிறவன் பீற்றர். நீட்டிய கையை நிற்க வைத்துக் கணக்குக் கேட்கிற ஒரு தமிழனை அன்றுதான் பார்த்தான்.

ஹார்லோ கையை இறக்கினார். "சரி. வா," என்றார்.

"நானும் வாறன்," என்றார் சிறீஸ்கந்தராசா. வேண்டாம் என்று பாலேந்திரா தோளைத் தொட்டார். அவர் கேட்கவில்லை. "நான் எழுதினதை நான்தான் சொல்ல வேணும்."

பேருந்து மண்டப வாசலில் நின்றது. ஹார்லோ வீரர்களை எல்லாம் இறக்கித் தூறலில் வரிசையாக நிற்கவைத்தார். மண்டபத்து யன்னல்களில் நம்மவர்களின் தலைகள் நிறைந்துவிட்டன. தொப்பியைக் கழற்றிக்கொண்டு அந்தப் பெரிய மனிதர் சொன்னார்:

"நேற்று உங்களுக்கு முன்னால் அல்பேட்டைப் பற்றி நான் சொன்னது பொய். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். ஒன்பது வருடமாக நான் அதைக் கேட்கவில்லை. என் சொல்லில் ஓர் எழுத்தையும் இவர் மாற்றித் தந்ததில்லை. வெட்கப்பட வேண்டியவன் நான்."

சிறீஸ்கந்தராசா முன்னால் வந்து, மழையில் தான் படி எடுத்ததையும், அந்தக் குறியின் பொருளையும் தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில், ஒரு கணக்கைக் கரும்பலகையில் நிறுவுவதுபோல, படிப்படியாகச் சொன்னார். முடிந்ததும் இரண்டாம் நம்பர் வீரன், செம்பட்டை முடிக்காரன், கையை உயர்த்தினான்.

"முன்னுக்குப் போனபிறகு எனக்கு இரண்டு பந்து வந்தது, சேர்," என்றான். "இரண்டையும் வெளியே அடித்தேன். அதற்கு எந்தக் கடவுளும் பொறுப்பில்லை."

முதலில் டோபின் சிரித்தார். பிறகு எல்லோரும். அந்தச் சிரிப்புக்குள் வீரர்கள் ஒவ்வொருவராக வந்து ஞானரட்ணத்தின் கையைப் பிடித்தார்கள். வாத்தியாரின் கையையும் விடவில்லை. கடைசியாக ஹார்லோ வந்தார். இந்தத் தடவை ஞானரட்ணம் தானே கையை நீட்டினார். பாலேந்திராவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பீற்றரோ வெளிப்படையாகவே அழுதுகொண்டு, மழை என்று சொன்னான்.

"சோறு ஆறுது, எல்லாரையும் உள்ள வரச் சொல்லுங்கோ," என்று யோகம்மா வாசலில் நின்று கூப்பிட்டார்.

முப்பது சோடிச் சப்பாத்துகள் வாசலில் கழன்றன. உள்ளே நூறு பேரும் எழுந்து நின்றார்கள். யன்னலால் பார்த்தவர்களுக்கு என்ன நடந்தது என்று பாதிதான் விளங்கியது. பெரிய மனிதர் யாரோ வந்திருக்கிறார் என்று மட்டும் தெரிந்தது. ஞானரட்ணம், சொக்ஸ் காலோடு நின்ற ஹார்லோவை முழங்கையில் பிடித்து மண்டபத்தின் நடுவே கூட்டிவந்து, தன் சனத்தைப் பார்த்துச் சொன்னார்:

"இவர் கெவின் ஹார்லோ. என்னோட வேலை செய்யிறவர்."